டிராக்‌ஷன் விளக்கு எரிகிறது, ஸ்டியரிங்கும் சரியில்லை: எங்கிருந்து தேடுவது?

வண்டி நிறைய ஆட்கள், டிக்கி நிறைய சாமான். ஒரு வளைவில் திரும்பும்போது, கார் வழுக்குவது போலப் படம் போட்ட அந்த மஞ்சள் டிராக்‌ஷன் விளக்கு டேஷ்போர்டில் எரிகிறது, கூடவே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு, அரை நிமிடம் கழித்து ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்துகொள்கிறது. மூன்று விளக்கு, மூன்று கோளாறு, மூன்று செலவு என்று மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் அப்படி இருக்காது. கோளாறு ஒன்றுதான், அதைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் மூன்று பேர். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விளக்குக்கு ஒரு பாகம் என்று மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும். நானும் கரைத்திருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்கள். மினுக்மினுக்கென்று சில விநாடி மட்டும் எரிந்து அணைந்தால் அது கோளாறே இல்லை. ஏதோ ஒரு சக்கரம் வழுக்கியது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் அதைப் பிடித்தது, அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், போதும். அணையாமல் நின்று எரிந்தால் இரண்டில் ஒன்று: உண்மையிலேயே கோளாறு, அல்லது யாரோ சுவிட்சை அழுத்தி டிராக்‌ஷன் கன்ட்ரோலையே அணைத்திருக்கிறார்கள். இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே தள்ளிவிடாதீர்கள். முன் சீட்டில் உட்கார்ந்து வந்த பையன் கை வைக்காத பொத்தான் எது? அணைத்து வைத்திருந்தால் பல வண்டிகளில் படத்தோடு ஆஃப் என்ற எழுத்தும் தெரியும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தால் என்ன செய்வது? டிராக்‌ஷன் விளக்கு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், சாதாரண பிரேக் இருக்கிறது, நிதானமாக ஓட்டி வீடு போய்ச் சேரலாம். ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்தால், அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு இழுபடலாம் என்பதை நினைவில் வைத்து, முன்னால் போகும் வண்டியிலிருந்து இடைவெளியைக் கூட்டுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் வந்தால் கதை வேறு, ஓரங்கட்டி பிரேக் ஆயில் அளவைப் பார்க்காமல் நகராதீர்கள். ஸ்டியரிங் விளக்கு சிவப்பாக எரிந்தாலும், திடீரென்று ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆனாலும் அதேதான், ஓரங்கட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டுதான் இருக்கிறது, மோட்டார் உதவி போனாலும் திருப்ப முடியும். ஆனால் கனமான எஸ்யூவியில், மெதுவாகப் போகும்போது இரண்டு கையும் முழு பலமும் வேண்டும். இன்ஜினை அணைத்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில நேரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அது சரியானதற்கு அடையாளம் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில், திரும்பும்போதா நேராகவா, மழையா வெயிலா என்று அப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்தக் குறிப்புதான் ஸ்கேனரைவிட (வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி) உதவும்.

ஏன் இவை எல்லாம் கூட்டாக வருகின்றன என்பதை ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோது, சக்கரங்கள் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்று பார்க்க சென்சார் வைத்தார்கள். பூட்டிக்கொள்ளும் சக்கரத்தைக் கண்டுபிடிக்கிற அதே சென்சார், வழுக்கிச் சுற்றும் சக்கரத்தையும் கண்டுபிடிக்கும் அல்லவா? அதை வைத்துத்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோல். 1995-ல் வந்த ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இன்னும் இரண்டைச் சேர்த்தது: ஸ்டியரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார், வண்டியின் உடல் நிஜமாக எவ்வளவு திரும்புகிறது என்று சொல்லும் சென்சார். ஓட்டுபவர் கேட்டது ஒன்று, வண்டி போவது வேறு என்றால் கணினி தலையிடும். இந்தச் சாட்சிகளில் ஒருவர் பொய் சொன்னாலும் கணினி யாரையும் நம்பாமல் கடையை மூடிவிடும். உங்கள் வேலை அந்தப் பொய்க்காரரைப் பிடிப்பதுதான்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டயர். வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்று பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அந்த டயர் தாங்கும் உச்சம். அப்புறம் நான்கும் ஒரே அளவா என்று குனிந்து படியுங்கள். பஞ்சர் ஆனபோது மாட்டிய ஒல்லி ஸ்டெப்னியோடு மாதக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு, அதன் சுற்றளவு நிறைய வேறாக இருந்தால் விளக்கு எரிய வாய்ப்பு அதிகம்.

தேய்மானத்தில் ஒரு சின்னக் கணக்கு. 700 மி.மீ. விட்டமுள்ள டயர் என்று வைத்துக்கொள்வோம். புதிய டயரில் பள்ளம் 8 மி.மீ., தேய்ந்ததில் 3 மி.மீ. விட்டத்தில் வித்தியாசம் 10 மி.மீ., அதாவது தேய்ந்த டயர் அதே தூரத்துக்குக் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் அதிகம் சுற்றுகிறது. இதை மட்டும் பெரும்பாலான கணினிகள் பொறுத்துக்கொள்ளும். இதோடு அந்த டயரில் காற்றும் குறைந்து, வண்டியும் ஒரு பக்கம் பாரமாக இருந்தால் பொறுமை எல்லையைத் தொடும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் இன்னும் கவனம், அங்கே விளக்கோடு போகாது, சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பாகங்களும் சேர்ந்து தேயும். ஒரு டயர் கிழிந்தது என்று ஒன்றை மட்டும் புதிதாக மாட்டுவதற்கு முன் கையேட்டில் எத்தனை மி.மீ. வித்தியாசம் அனுமதி என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. இதை ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறேன் என்றால், இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்குக்கு உதவுவது எண்ணெய் இல்லை, மின் மோட்டார். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது அது பல பத்து ஆம்பியர் இழுக்கும். களைத்த பேட்டரியில் அந்த நேரம் வோல்டேஜ் சரியும், ஸ்டியரிங் கணினி உதவியைக் குறைக்கும், ஏபிஎஸ் கணினி மின்சாரம் போதவில்லை என்று புகார் எழுதும், பார்த்தால் மூன்று விளக்கு. இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜின் போடாமல், மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் பாதிகூட இல்லை. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை காட்டும். சில புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரை (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) கணினியே கூட்டிக் குறைப்பதால் எண் ஏறி இறங்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கையால் அசைத்தால் கிளாம்ப் ஆடுகிறதா, பாடிக்குப் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பேட்டரி மாற்றிய மறுநாளே விளக்கு வந்ததா? ஸ்டியரிங் சென்சார் தன் நடுப்புள்ளியை மறந்திருக்கும். பல வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஸ்டியரிங்கை இடது கோடி வரை, பிறகு வலது கோடி வரை, பிறகு நடுவுக்குக் கொண்டுவந்து கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும். மற்றவற்றில் ஸ்கேனர் வேண்டும்.

பிரேக் லைட் சுவிட்ச் என்று பெடலுக்கு மேலே ஒரு சின்னப் பாகம் இருக்கிறது. கால் பிரேக்கில் இருக்கிறதா இல்லையா என்று கணினிக்குச் சொல்வது இதுதான், இது கெட்டால் டிராக்‌ஷன் விளக்கு வரும் என்று நிறைய பேருக்குத் தெரியாது. சுவரை ஒட்டிப் பின்பக்கமாக வண்டியை நிறுத்தி, இருட்டில் பிரேக்கை மிதித்து விட்டுப் பாருங்கள். சுவரில் சிவப்பு வந்து போக வேண்டும். மிதிக்காமலே சிவப்பு நின்றால், அல்லது மிதித்தும் வரவில்லை என்றால் அங்கேயே தொடங்குங்கள். செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிகிறது என்றால் முதலில் இன்ஜினைச் சரிசெய்யுங்கள். சக்கரம் வழுக்கும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்ஜினின் சக்தியைக் குறைக்கச் சொல்லும், மிஸ்ஃபயர் ஆகும், அதாவது எரிபொருள் சரியாக எரியாமல் திணறும் இன்ஜின் சொன்னதைக் கேட்காது என்பதால் பல வண்டிகள் டிராக்‌ஷனை அணைத்துவிடும். இன்ஜின் சரியானால் இதுவும் தானாகப் போகும்.

இவ்வளவும் சரி, விளக்கு மட்டும் போகவில்லை என்றால் ஸ்கேனர். மலிவு ஸ்கேனர்கள் பல இன்ஜின் சம்பந்தப்பட்ட பி (P) வரிசைக் கோடுகளை (கணினி பதியும் கோளாறு எண்களை) மட்டும்தான் படிக்கும். உங்களுக்கு வேண்டியது ஏபிஎஸ்ஸும் ஸ்டியரிங்கும் எழுதும் சி (C) வரிசை, கணினிகளுக்குள் பேச்சு அறுந்தால் வரும் யு (U) வரிசை. வாங்கும் முன்போ இரவல் கேட்கும் முன்போ இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சி0035 முன் இடது சக்கர சென்சார், சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. யு0126 வந்தால் ஸ்டியரிங் கோண சென்சாரோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். ஆனால் கோடு என்பது தீர்ப்பு இல்லை, முகவரி மட்டும்தான். சி0035 என்றால் அந்த மூலையைப் போய்ப் பார் என்று பொருள், சென்சாரை மாற்று என்று பொருள் இல்லை.

முகவரி கிடைத்ததும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவுக்குப் (சென்சார்கள் அந்த நொடியில் சொல்வதைக் காட்டும் பக்கம்) போங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும். ஓட்டிக்கொண்டே பார்க்கும் வேலை வேண்டாம். ஆளில்லாத நேர் சாலையில் 20 கி.மீ. வேகத்தில் நான்கு சக்கரமும் 20, 20, 20, 20 என்று காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 0-வில் நிற்கும், அல்லது 20, 14, 20, 3 என்று குதிக்கும், அல்லது மற்ற மூன்றும் கிளம்பிய பிறகு 8 கி.மீ. வேகத்தில்தான் விழித்துக்கொள்ளும். அவர்தான் நம் ஆள். ஸ்கேனர் இல்லாமலே இதைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அறிகுறியும் உண்டு: காய்ந்த சாலையில், மெதுவாக பிரேக் போட்டு நிற்கப் போகும் கடைசி நொடியில், பெடல் காலுக்கு அடியில் கடகடவென்று அதிர்ந்தால், ஒரு சக்கரத்தின் சிக்னல் முன்கூட்டியே செத்துப்போகிறது என்று அர்த்தம். சக்கரம் பூட்டிவிட்டது என்று நினைத்து ஏபிஎஸ் குதிக்கிறது. சக்கரத்தோடு சுற்றி சென்சாருக்கு வேகம் காட்டும் பல் வளையத்தில் விரிசல், அல்லது சென்சாருக்கு அடியில் துரு வளர்ந்து அதை மேலே தூக்கியிருப்பது இதற்கு வழக்கமான காரணங்கள்.

அந்த மூலைக்குப் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். சமதரை, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை, அடியில் ஸ்டாண்ட். சக்கரத்தைக் கழற்றியதும் சென்சாரைத் தொடாமல் முதலில் வயரைப் பின்தொடருங்கள். ஷாக் அப்சார்பரை ஒட்டி மேலே போகும் அந்த வயர், சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிறது. கிளிப் ஒன்று விட்டுப்போனால் டயரில் உரசும், வெளித்தோல் நன்றாக இருந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். திரும்பும்போது மட்டும் விளக்கு வருகிறது என்று குறித்திருந்தால் இங்கேதான் பெரும்பாலும் விடை. கனெக்டரைப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கடைசியாகச் சென்சார். நுனியில் இரும்புத்தூள் மீசை போல ஒட்டியிருந்தால் துணியால் துடையுங்கள். துருவில் இறுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள், தலை தனியாகக் கையில் வரும், உடல் உள்ளேயே இருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து, இடமும் வலமுமாக அசைத்து எடுங்கள். இன்னொன்று, பழைய வகைச் சுருள் சென்சாரை ஓம் மீட்டரில் பார்க்கலாம், சுமார் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் காட்டும். இப்போதைய வண்டிகளில் இருக்கும் ஆக்டிவ் சென்சாரில் அப்படிப் பார்க்கக் கூடாது, அது ஒன்றும் சொல்லாது, கெட்டும் போகலாம்.

இனி என் கதை. என் வண்டியில் முன் சக்கரம் ஒன்று ஊளையிட ஆரம்பித்தது, ஒரு வொர்க்‌ஷாப்பில் பேரிங் மாற்றினார்கள். சத்தம் போனது, வெளியே வந்து நூறு மீட்டர் போவதற்குள் ஏபிஎஸ், டிராக்‌ஷன் இரண்டும். திரும்பிப் போனேன், சென்சார் போயிருக்கும் என்று சென்சார் மாற்றினார்கள். போகவில்லை. வயர் மாற்றினார்கள். போகவில்லை. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னபோதுதான் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வயதானவர், ஸ்கேனரைக் கையில்கூட எடுக்கவில்லை. கடைசியாக என்ன வேலை பார்த்தது என்று மட்டும் கேட்டார், பிறகு அலமாரியிலிருந்து ஒரு புது பேரிங்கையும் மேஜையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பையும் எடுத்தார். ஒரு பக்கம் கிளிப்பை வைத்தார், வழுக்கி விழுந்தது. மறுபக்கம் வைத்தார், லேசாக ஒட்டிக்கொண்டு தொங்கியது. அந்தப் பக்கத்து சீலில்தான் கண்ணுக்குத் தெரியாத காந்த வளையம் இருக்கிறது, சென்சார் படிப்பது அதைத்தான். என் வண்டியில் பேரிங்கைத் தலைகீழாக அடித்திருந்தார்கள், காந்தம் வெளியே, சென்சார் உள்ளே. பேரிங் மாற்றச் சொல்லும் யாரிடமும் இப்போது நான் முதலில் கேட்பது இந்தக் கிளிப் சோதனையைத்தான்.

ஸ்டியரிங் பக்கம் வருவோம். ஸ்டியரிங் சரியில்லை என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது, கனமா, இழுக்கிறதா, ஆட்டமா, உதறலா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கனம் என்றால் பேட்டரியும் முன் டயர் காற்றும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. எண்ணெயில் ஓடும் பவர் ஸ்டியரிங் என்றால் ஆயில் அளவு, நுரை, பெல்ட். திருப்பும்போது முனகினால் பெரும்பாலும் ஆயில் குறைவு. எந்த ஆயில் என்று மூடியிலோ கையேட்டிலோ இருக்கும், கையில் கிடைத்ததை ஊற்ற வேண்டாம். முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் லாக்கை விடுவித்துக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராக வந்தால் கோளாறு மோட்டாரிலோ பம்பிலோ. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி இளகினால் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது, ரேக்கை (தண்டின் சுற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றச் சொன்னால் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர் என்றால் இதைச் செய்யாதீர்கள்). இழுவையும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர், மாறவில்லை என்றால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), அல்லது இறுகிப்போன பிரேக் கேலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்). ஓடி நிறுத்தியதும் ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் அனல் அடித்தால் பெரும்பாலும் கேலிப்பர்தான். ஆட்டத்துக்கு, தூக்கி நிறுத்திய சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பிடித்து உலுக்குங்கள், அங்கே ஆடினால் டை ராட், அதாவது சக்கரத்தைத் திருப்பும் தண்டு. பன்னிரண்டு, ஆறு இடங்களில் ஆடினால் பால் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு. இரண்டு திசையிலும் ஆடினால் பேரிங். இந்த மூன்றில் எது ஆடினாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள், டை ராட் கழன்ற சக்கரம் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. 80 கி.மீ.க்கு மேல் மட்டும் உதறினால் வீல் பேலன்சிங், பிரேக் போடும்போது மட்டும் உதறினால் முன் டிஸ்க்.

டிராக்‌ஷனும் ஸ்டியரிங்கும் நிஜமாகவே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். அலைன்மென்ட் செய்துவிட்டு வந்த பிறகு, வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் சற்றே கோணலாக நிற்கிறது. நமக்கு அது கண் உறுத்தல். கணினிக்கோ ஓட்டுபவர் எப்போதும் கொஞ்சம் திரும்பிக்கொண்டே இருக்கிறார், வண்டி மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது. சாதாரண வளைவில் ஒரு பக்க பிரேக்கைத் தானாகப் பிடித்து, இன்ஜினையும் அடக்கிவிடும். வண்டி தானாகத் தயங்குகிறது என்று பலர் கியர்பாக்ஸைத் திறந்து பார்ப்பது இதனால்தான். நேராக ஓட்டும்போது லைவ் டேட்டாவில் ஸ்டியரிங் கோணம் 0-வுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 6, 8 டிகிரி என்று நின்றால் டை ராடை வைத்து ஸ்டியரிங்கை நேராக்கி, பிறகு சென்சாரின் நடுப்புள்ளியை ஸ்கேனரில் மறுபடி பதிய வேண்டும். ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், கண்ணுக்குத்தான் நேராகும், சென்சார் பழைய கோணலிலேயே இருக்கும். ஹார்ன் வேலை செய்யவில்லை, ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள் செத்துவிட்டன, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற வயர் நாடா அறுந்திருக்கலாம், பல வண்டிகளில் கோண சென்சாரும் அதோடு ஒட்டியே இருக்கிறது. ஏர்பேக்கைக் கழற்றினால்தான் அங்கே போக முடியும், அதை வீட்டில் செய்ய வேண்டாம்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்துவிட்டுப் புறப்படுங்கள். சில வண்டிகளில் விளக்கு உடனே அணையாது, கொஞ்ச தூரம் ஓடி நான்கு சக்கரமும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் அணையும். காலியான இடத்தில் மெதுவாக இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம், 20-ல் ஓடி மெதுவாக பிரேக் போட்டு அந்தக் கடைசி நொடியில் பெடல் அமைதியாக இருக்கிறதா என்று காலால் கேளுங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில், வண்டியை நகர்த்தும் முன் ஒரு தடவை ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் டேஷ்போர்டு இருட்டாக இருந்தால் ஸ்கேனரை இரவல் தந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.